ஒரு சாண் தள்ளி

இன்று காலை கிள்ளானில் நம் மகள் வீட்டு வாசலில் இறங்கியதுமே கோழி எரு நாற்றம் மூக்கில் அறைந்தது. தக்காளித் தொட்டிகளில் பச்சை எருவைத் தண்டை ஒட்டிக் குவித்து வைத்திருக்கிறாள். அறுபதை நெருங்குகிறாள், என்னிடம் வளர்ந்தவள். கையும் அவசரமும் மட்டும் உங்களுடையவை.

ஜப்பான்காரன் ஆண்ட போர்க்காலத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில், மரவள்ளிக்கிழங்கைத் தின்றே நாளைத் தள்ளினோம். நான்கு வயதில் இவளுக்கு ஈறுகளில் இரத்தம் கசிய ஆரம்பித்தது. மருந்து கிடையாது, தக்காளியாவது கொடுங்கள் என்றார் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர். கொல்லையில் நான்கு செடிகள் நின்றன. அவ்வளவுதான் நம்மிடம் இருந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா ஒரு தகரம் நிறையக் கோழி எரு தந்தார். "மக்கட்டுங்க. ரெண்டு மூணு மாசம் மண்ணோட கலந்து மூடி வைங்க" என்று உங்களிடம் தெளிவாகத்தான் சொன்னேன்.

"மூணு மாசமா? பிள்ளை வாயப் பாத்தியா நீ?"

"பச்சை எரு சூடு. வேரைச் சுட்டுடும்."

நீங்கள் வேலிக்கு அந்தப்புறம் நின்ற அக்காவிடம் சிரித்தீர்கள். "கேட்டீங்களாக்கா, மக்கு போட்டாத்தான் காய்க்குமாம். கான்வென்ட்ல படிச்சவ சொல்றா. அப்ப என்னையே குழி தோண்டிப் போடச் சொல்லுங்க லா."

மறுநாள் நான் அரிசிக்கு வரிசையில் நின்றுவிட்டு வருவதற்குள் நான்கு செடிக்கும் தண்டு வரை குவித்துவிட்டீர்கள். இலை ஓரங்கள் கருகின. ஒரு வாரத்தில் மூன்று செடிகள் போயின.

"மக்கு" என்றேன், அக்கா காதுபட. அப்போது யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் குந்தி உட்கார்ந்து, நான்காவது செடியடியில் இருந்த எருவை வெறுங்கையால் வழித்தெடுத்தீர்கள். அதற்கும் கத்தினேன்: "சாம்பல் போட்டுக் கழுவுங்க. அந்தக் கையோட பிள்ளையத் தொடாதீங்க."

வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து வேரை அலசியது நான். மிஞ்சிய எருவை மக்கவைத்து, ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டு மண்ணால் மூடியது நான். காய்கள் மண்ணில் படாமல் குச்சியில் தூக்கிக் கட்டியதும் நான். பழுத்ததும் கழுவி, வெந்நீர் ஊற்றித் தோலுரித்தேன். நீங்கள் கிண்ணத்தை வாங்கி, "அப்பா செடி, அப்பா பழம்" என்று கரண்டி கரண்டியாக ஊட்டினீர்கள். ஈறு ஆறியது.

இன்று அவளிடம் சொன்னேன்: "என்னடி இது? மக்கினதா போடணும், ஒரு சாண் தள்ளிப் போடணும்."

"ஆமாம்மா, ஒரு சாண். அப்பா அப்படித்தானே போடுவாரு, மறந்தே போச்சு. அந்தத் தக்காளியிலதானே நான் பொழச்சேன்."

எழுத்துப்பிழையைக்கூட விடாதவள் நான். ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் இதை மட்டும் திருத்தவில்லை. அன்று வேலியோரம் உங்களை மக்கு என்ற அந்த ஒரு சொல்லுக்காக இதைச் சுமக்கிறேன். ஆனால் எங்கிருந்தாலும் நீங்களாவது தெரிந்துகொள்ளுங்கள்: இன்று அந்தத் தொட்டிகளிலிருந்து பச்சை எருவை வழித்தெடுத்து மூடி வைத்ததும் நான்தான்.