புதிருக்கு அறுத்த கதிர்

என் செல்ல மகள் வசந்திக்கு,

நீ போய் மூன்றாவது மாரியும் முடிந்துவிட்டது. கடலோடு சேர்ந்த களப்பின் உப்புத் தண்ணீர் இந்த முறையும் எங்கள் குச்சவெளி வயலுக்குள் ஏறித்தான் இறங்கினது. உவர் வெள்ளையாய்ப் பூத்துக் கிடக்குது. விவசாயப் போதனாசிரியர் தந்த புது விதைநெல் ஒரு சாண் வளர்ந்து கருகிப்போச்சு.

விவசாயிகள் கூட்டத்தில் அவர், "உவர் தாங்குற நெல்லைத்தான் தேடிக்கொண்டிருக்கிறம்" என்றார். எனக்கு வாய் சும்மா கிடக்குமே?

"என்ரை மகளிட்டை இருந்தது, ஐயா."

"இப்ப எங்கை?"

"சாப்பிட்டிட்டம்."

சனம் விழுந்து விழுந்து சிரிச்சது. நானும் சிரிச்சனான். வேறென்ன செய்ய?

மூன்று வருஷம் நீ உவர் மூலையில் விதைத்து, சாகாமல் நின்ற பயிரின் நெல்லை மட்டும் எடுத்துத் திரும்ப அங்கேயே விதைத்தாய். "என்ரை பிள்ளை நெல்லைச் சாக்காட்டப் படிக்குது" என்று ஊரெல்லாம் பகிடி விட்டேன். நீ இருந்த கடைசித் தையில் வயல் முழுக்கக் கருகி, உன் மூலையில் மட்டும் ஒரு பிடி கதிர் முற்றி நின்றது. ஒவ்வொன்றிலும் சிவப்பு நூல். நீ விதைக்கென்று குறித்த அடையாளம் அது என்று இந்த எட்டாம் வகுப்பு மூளைக்கு எப்படித் தெரியும்? அம்மனுக்கு நேர்ந்து கட்டியிருக்கிறாய் என்று நினைத்தேன். தைப்பூசத்தன்று கும்பிட்டு அறுத்து, முதல் நெல்லை அம்மனுக்குப் படைக்கிற புதிர்ப் பொங்கலுக்குக் குத்திக் கொடுத்தேன்.

நீ பானையைப் பார்த்தாய். "மூண்டு வருஷத்தையும் அவிச்சிட்டியள், அப்பா." பிறகு ஒரு வாய் சாப்பிட்டாய். ஏன் பிள்ளை சாப்பிட்டாய்? என்னை ஏசியிருக்கலாமே?

பங்குனியில் வந்த காய்ச்சல் உன்னைத் திரும்ப விதைக்க விடவில்லை.

முந்தி ஒருநாள் பயிரைக் காட்டிச் சொன்னாய்: "கிழட்டு இலை உப்பைத் தான் வாங்கிக் கருகும். அப்பத்தான் குருத்துத் தப்பும்." நெல்லுக்குத் தெரிந்த நியாயம் எங்கள் வீட்டில் நடக்கவில்லை. குருத்தைச் சாகக் கொடுத்துவிட்டு, கிழட்டு இலை நான் பச்சையாய் நிற்கிறேன்.

உன் மூலையில் இந்த முறை எங்கள் பழைய நெல்லை விதைத்தேன். ஏழு பயிர் நிற்குது. மற்றதெல்லாம் போச்சு. "புதிருக்கு என்னத்தை வைக்கிறது?" என்று அம்மா கேட்டாள்.

"கடை அரிசி வை. அம்மன் கோவிச்சால் என்னோடை கோவிக்கட்டும்."

அந்த ஏழு பயிரையும் தனியே அறுத்துக் காயவைத்து, அதே உவரில் திரும்ப விதைப்பேன், மகள். பிறகும் விதைப்பேன். ஒரு மணி உலைக்குப் போகாது. மூன்று வருஷம் எடுக்கட்டும், எனக்குத்தான் சாவு வருகுதில்லையே.

உன் விதைநெல்லைத் தின்ற,
அப்பா