மாற்றாத பிரேக் ஆயில்

உத்திரமேரூர்
14-6-1981

அன்பு மகள் பாக்கியமேரிக்கு அப்பா எழுதுவது. மஸ்கட்டில் அந்தச் சூட்டிலும் ஆண்டவர் கிருபையால் நீ உடம்பைப் பார்த்துக்கொண்டு ஆஸ்பத்திரி வேலையைச் செய்து வருகிறாய் என்று உன் கடிதத்தில் கண்டு நிம்மதி. இங்கே அம்மாவுக்கும் எனக்கும் காய்ச்சல் தலைவலி என்று ஒன்றும் இல்லை, அதற்கு மேல் சொல்ல நல்ல சேதியும் இல்லை. உன் மூன்று கடிதத்துக்கும் பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுத உட்காருவேன், நலம் என்று ஒரு வரி எழுதுவேன், அதுவே பொய்யாகத் தெரியும், மடித்து வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டு கனகாவை எழுதச் சொல்லி அம்மா போட்ட கடிதத்தில் அப்பா ஒர்க்‌ஷாப் ஷெட்டைத் திறப்பதே இல்லை, யாரோடும் பேசுவதும் இல்லை என்று இருந்ததாகவும், ராஜாராம் வண்டி கவிழ்ந்ததற்கு நீங்கள் ஏன் அப்பா இப்படி ஒடிந்துபோக வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அம்மா முழுவதையும் எழுதச் சொல்லவில்லை. நான் எழுதுகிறேன். பெரிய கடிதம், டூட்டி முடிந்து சாப்பிட்டுவிட்டுப் படி.

பெரிய வீட்டு வேதாசலம் ஐயாவின் ஒரே மகன் ராஜாராம் மெட்ராசில் படித்துவிட்டு வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். அவர்கள் வீட்டு ஃபியட்டுக்கு நான் தானே எட்டு வருஷமாக எல்லாம் பார்த்து வந்தேன். மெட்ராசுக்கு வடக்கே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடக்கிறது அல்லவா, அங்கே பந்தயம் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் புதியவர்கள் தங்கள் சொந்த வண்டியைக் கொண்டுவந்து வேகமாக ஓட்டிப் பார்க்கலாம் என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் சொல்லியிருக்கிறார். மார்கழியில் ஒருநாள் ராஜாராம் வந்து, நம் வண்டியை அதற்குத் தயார் செய்ய முடியுமா என்று கேட்டார். அவருடைய அப்பாவுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனாலும் மகன் பேச்சைத் தட்டமாட்டார். ராஜாராம் தன் அப்பா எதிரில் என்னை ஐசக்கு வா போ என்பார், ஷெட்டுக்குள் வந்துவிட்டால் வாங்க போங்க என்பார். இருபது நாள் அந்த வண்டியோடு கிடந்தோம். பந்தயம் நடத்துகிறவர்கள் அச்சடித்த லிஸ்ட் ஒன்று கொடுத்திருந்தார்கள், இங்கிலீஷில், இருபத்திரண்டு வரி. அவர் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வார், நான் வேலையை முடித்துப் பென்சிலால் டிக் போடுவேன். வளைவில் உருண்டு வந்து காலடியில் மாட்டும் என்று பின் சீட்டு, ஸ்டெப்னி, ஜாக்கி, மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். சக்கரத்து மூடிகளைக் கழற்றினோம். பேட்டரி அசையாதபடி தோல் வார் போட்டுப் பக்கிள் வைத்து இறுக்கினேன். ஆக்சிலேட்டரில் ஒரு ஸ்பிரிங் அறுந்தாலும் இன்னொன்று இழுக்கட்டும் என்று இரண்டாவது ஸ்பிரிங் மாட்டினேன். ஹெட்லைட் கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்திரி ஒட்டினோம். ஓட்டுகிறவரைச் சீட்டோடு கட்டுவதற்கு மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்த பெல்ட்டுக்குத் தரைத் தகட்டில் துளை போட்டு, அடியில் கனமான வாஷர் கொடுத்து முடுக்கினேன். அந்த பெல்ட்தான் அவர் உயிரைக் காப்பாற்றியது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் அதைச் சொல்லும்போது எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாது.

பிரேக்குக்குக் காஞ்சிபுரத்தில் புது லைனிங் அடித்து வாங்கிவந்து நான்கு சக்கரத்துக்கும் போட்டேன். அந்த வரிக்கு அடுத்த வரி, பழைய பிரேக் ஆயிலை முழுவதும் வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்ற வேண்டும் என்று. அதற்கு முழுசாக ஒரு டின்னுக்கு மேல் வேண்டும். என்னிடம் அரை டின் இருந்தது. வாலாஜாபாத் கடையில் கேட்டதற்கு அங்கும் இல்லை. அன்றைக்குச் சனிக்கிழமை, மறுநாள் விடிந்தால் புறப்பட வேண்டும், காஞ்சிபுரம் போய்வந்தால் அரை நாள் போய்விடும். ராஜாராம் ஹெல்மெட் இரவல் வாங்கப் போயிருந்தார், நான் மட்டும் இருந்தேன். பெடலை மிதித்துப் பார்த்தேன், கல் மாதிரி நின்றது. எட்டு வருஷமாக இந்த ஆயில்தானே, ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லையே என்று குறைந்ததற்கு மட்டும் புது ஆயிலை ஊற்றி மூடினேன். டிக் போட்டேன். உன் வேலையில் நீ கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நான் எழுதினேன் பாப்பா.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பந்தயத்துக்குப் போகிறாயே என்று அம்மா முனகினாள், நான் கேட்கவில்லை. சோழவரத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். நம் வண்டியில் பேட்டரி வாரை இழுத்துப் பார்த்தார், பெல்ட்டின் அடியில் கைவிட்டு வாஷரைத் தடவிப் பார்த்தார், யார் செய்த வேலை என்று கேட்டார். ராஜாராம் என்னைக் காட்டினார். அந்த மனிதர் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் கை என்று நான் இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், அவர் விடவில்லை. கையை விடாமலே பிரேக் ஆயில் புதிதா என்று கேட்டார். ஐந்து ஆறு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜாராம் முகத்தில் அவ்வளவு பெருமை. ஆமாம் என்றேன். இல்லை என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், திருப்பி அனுப்பியிருப்பார்கள், இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வந்திருப்போம், அவ்வளவுதான்.

நான்கு சுற்று நன்றாகத்தான் ஓட்டினார். அப்புறம் வண்டியை உள்ளே கொண்டுவந்து, பெடல் கொஞ்சம் கீழே போகிறது, காட்டமாக ஒரு வாசனையும் வருகிறது என்றார். நான் உட்கார்ந்து நான்கு தடவை மிதித்தேன், மேலே வந்துவிட்டது. ஆயில் ஞாபகம் அப்போது எனக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் அது இரண்டாவது பொய். வாய் வரைக்கும் வந்தது. வெள்ளைத் தொப்பிக்காரர் பத்தடியில் நின்றுகொண்டிருந்தார். "சரியாத்தான் கீது சின்னவரே, போங்க" என்றேன். போனார். மறுபடி இறங்கிய இரண்டாவது சுற்றில் நேர்ரோடு முடிந்து திரும்புகிற வளைவில் மற்ற வண்டிகள் வேகம் குறைந்தன, நம் வண்டி குறையவில்லை. மண் நிரப்பி வரிசையாக வைத்திருந்த பீப்பாய்களில் போய் மோதி ஒரு தரம் புரண்டு நின்றது. நான் ஓடிப் போனபோது சுயநினைவோடு இருந்தார். பெடலை மிதித்தபடியே வலது கால் உள்ளே மாட்டியிருந்தது. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இருபத்தாறு வயசு.

நொறுங்கின வண்டியை லாரியில் ஏற்றி என் ஷெட்டிலேயே கொண்டுவந்து இறக்கினார்கள். நான் முதலில் பிரேக் குழாயைத்தான் கழற்றினேன். டிகாக்‌ஷன் மாதிரி கறுப்பாக ஆயில் வந்தது. பழைய ஆயில் நாளாக நாளாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், பிரேக் சூடானதும் கொதித்து உள்ளே குமிழி கட்டும், பெடல் சும்மா தரைக்குப் போய்விடும், ஊர் ரோட்டில் அவ்வளவு சூடு ஏறாததால் தெரிவதில்லை என்று மெட்ராசில் ஒரு மெக்கானிக் எனக்குப் பிறகு விளக்கினார். மறுவாரம் வேதாசலம் ஐயா தானே ஷெட்டுக்கு நடந்து வந்தார். என்னைத்தான் கேட்க வருகிறார் என்று நினைத்தேன். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "உன் மேல ஒண்ணும் இல்ல ஐசக்கு, அவன் வேகம், அவன் கொழுப்பு, நீ இன்னா பண்ணுவே" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாத்தியதுதான் ஷெட்.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். அவள் அழவில்லை, கதவைச் சாத்திவிட்டு வந்து, வாயைத் திறக்காதே என்றாள். நாம் இருக்கிற வீடும் ஷெட்டும் அவர்கள் இடம், உன் சித்தப்பா இருசப்பன் இன்னும் அவர்கள் நிலத்தில்தான் ஏர் ஓட்டுகிறான், ஒரு வார்த்தை வெளியே போனால் எல்லாரும் நடுரோடு என்றாள். அவள் சொன்னதில் தப்பு இல்லை. மூன்று மாசம் அப்படியே இருந்தேன். சித்திரையில் பெரிய வீட்டுக் கிணற்று ஆயில் எஞ்சின் நின்றுவிட்டது என்று ஆள் விட்டார்கள், போகாமல் இருக்க முடியுமா, போனேன். எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து ஐயா தன் மகனிடம் பேசுவது கேட்டது. அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "நிறுத்தத் தெரியாதவனுக்கு இன்னாத்துக்குடா அந்த வேகம். இப்ப ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடிக்கவும் ஆளு வோணும் உனக்கு." இது தினமும் நடக்கிறது என்று அங்கே வேலை செய்கிற முனியம்மாள் சொன்னாள். எஞ்சினை ஓட்டிவிட்டுக் கை கழுவிக்கொண்டு நேரே ராஜாராம் இருந்த அறை வாசலில் போய் நின்றேன்.

லிஸ்டில் டிக் போட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கட்டிலில் சாய்ந்தபடி மேலே பார்த்துக்கொண்டே கேட்டார். அப்புறம் சொன்னார், "நான் தெனம் அந்த வளைவத்தான் ஓட்டிக்கினு கீறேன். பத்தடி முன்னாடி அமுத்தியிருந்தா நின்னிருக்குமோ, இருபதடியான்னு, படுத்துக்கினே ஓட்டிக்கினு கீறேன்." என் பக்கம் திரும்பி, "நடுவுல உள்ள வந்தனே. பெடல் கீழ போவுதுன்னு சொன்னனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமே நீங்க" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் கேட்கிற மாதிரி கேட்டார். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரே, அப்பாவிடம் சொல்ல வேண்டாம், உங்களை இந்த ஊரில் இருக்க விடமாட்டார், போங்க என்றார்.

அவர் பேச்சைக் கேட்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். ஆனால் அப்பா அவரைத் திட்டுவது நிற்க வேண்டுமென்றால் அப்பாவுக்குத் தெரிய வேண்டும், அதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் வேதாசலம் ஐயா நின்றிருந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரிடமும் சொன்னேன். ராஜாராமுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டார். இப்போதுதான் சொன்னேன் என்றேன். கொட்டகைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உங்கப்பன் இந்தக் களத்துல முப்பது வருசம் நெல்லு தூத்தினவன், ஒரு பிடி எடுத்தது கெடையாது. அவன் புள்ளன்னுதான் என் புள்ளய உன் கையில விட்டேன்" என்றார். அப்புறம், ஆடி பிறக்கிறதற்குள் ஷெட்டையும் வீட்டையும் காலி செய்துவிடச் சொன்னார். என்னை அடிக்கவில்லை, போலீஸ் என்று பேசவில்லை, உன் சித்தப்பனையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. நான் வந்துவிட்டேன்.

அம்மா அன்றையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சோறு போட்டு வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுகிறாள். ஒரே ஒரு நாள் கேட்டாள், "சொல்லி இன்னா ஆச்சி, அந்தக் காலு மொளைச்சிதா?" என்று. போன வாரம் இருசப்பன் வந்திருந்தான். பெரிய வீட்டில் இப்போது அந்தப் பேச்சு இல்லையாம். ஐயா தன் மகனுடைய கட்டிலுக்குப் பக்கத்திலேயே இலை போடச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுகிறாராம், கட்டைக் கால் அளவு கொடுக்க மெட்ராசுக்குத் தானே கூட்டிக்கொண்டு போனாராம். ராஜாராமுக்குப் பேசி வைத்திருந்த பழையசீவரத்துப் பெண் வீட்டிலிருந்து மட்டும் இன்னும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லையாம். இவ்வளவுதான் நடந்தது. ஊரில் என்னைப் பற்றி இனி என்ன சொன்னாலும் அது இதுதான், கூடக் குறைய ஏதாவது வந்தால் நம்பாதே. என்னை அங்கே கூப்பிட்டுக்கொள்வதாக எழுதியிருந்தாய். வேண்டாம். வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் எஞ்சின் பார்த்துக்கொள்ளும் வேலை சொல்லியிருக்கிறார்கள், மில்லுக்குப் பின்னால் ஒரு அறையும் உண்டு. கார் வேலை இனிமேல் தொடுவதாக இல்லை. ஸ்பானர் பெட்டியை இருசப்பனிடம் கொடுத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, டூட்டிக்கு மேல் டூட்டி வாங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. ஆண்டவர் உன் கையையும் அது தொடுகிற நோயாளிகளையும் காக்கட்டும். அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதில் என்னைப் பற்றி எதுவும் கேட்காதே, கனகா படித்துக் காட்டும்போது அவள் சங்கடப்படுவாள். ஆகஸ்டில் லீவில் வருவதாக எழுதியிருக்கிறாய், அதற்குள் நாங்கள் போய்விட்டிருப்போம். மெட்ராசிலிருந்து நேரே வாலாஜாபாத் பஸ் ஏறு, பழக்கத்தில் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிடாதே. எந்த நாள் என்று முன்கூட்டி எழுது, ஸ்டாண்டில் வந்து நிற்கிறேன். இதைப் படித்த பிறகு என்னைப் பார்க்க மனசு இல்லை என்றால் அதையும் எழுதிவிடு, நான் நிற்கமாட்டேன், பெட்டி தூக்க இருசப்பனை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
தா. ஐசக்