எத்தனை துணி நனைந்தது

புதுக்கோட்டை,
புதன்கிழமை.

அன்புத் தம்பி ரகுநாத்துக்கு,

அக்கா திலகவதி எழுதுவது. வெள்ளிக்கிழமை திருச்சியில் குவைத் விமானம் ஏறும் கண்ணுசாமி அண்ணனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் நிற்பார். அவர் முகத்தைப் பார்த்ததும் நான் பொய் சொல்லிவிடுவேன். இத்தனை நாளாக அதைத்தான் செய்தேன்.

உன் பாப்பா உயிரோடு இருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில், பச்சைக் குழந்தைகள் வார்டில் வைத்திருக்கிறார்கள். காவ்யா உள்ளே இருக்கிறாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். காவ்யா என்னோடு பேசுவதில்லை.

"அவளுக்குப் பால் பத்தல, அதான் புள்ள எளைச்சுப்போச்சு" என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னபோது நானும் அங்கேதான் நின்றேன். அது உண்மையில்லை.

பிறந்தபோது எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காவ்யாவுக்குத் தாய் இல்லாததால் நம் வீட்டுக்கே கூட்டி வந்தோம். கிளம்பும்போது நர்ஸ் அவளிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும், பால் போதுகிறதா என்பது துணியில் தெரியும், ஆறாம் நாளிலிருந்து தினம் ஆறு துணியாவது நனைய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அவள் வீட்டுக்கு வந்ததும் பழைய வேட்டித் துணிதான் கேட்டாள். நீ அனுப்பிய டயப்பர் பெட்டிகள் அலமாரியில் அடுக்கியிருந்தன. "எம்புள்ள குவைத்துலேர்ந்து பெட்டி பெட்டியா அனுப்பிருக்கான், இவளுக்குக் கந்தத்துணி வேணுமாம்" என்று அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா டயப்பரைத் தொட்டுக் காட்டினார். "காலையில போட்டது, இன்னும் காஞ்சே கெடக்கு பாருங்க. வெளிநாட்டுச் சாமான்னா சும்மாவா?"

அது காய்ந்து கிடந்தது பிள்ளை வயிற்றில் ஒன்றும் போகாததால். நமக்கு அது பெருமையாகத் தெரிந்தது.

பாப்பா இரண்டு வாய் சப்பிவிட்டுத் தூங்கிவிடுகிறாள், மார்பு கல்லாக வலிக்கிறது என்று காவ்யா என்னிடம் மூன்று முறை சொன்னாள். "மொதப் புள்ளைன்னா அப்படித்தான், தூங்குறத எழுப்பாத" என்றேன். நீயும் வீடியோவில் பார்த்துவிட்டு, "அழவே மாட்டேங்குதுக்கா, சமத்து" என்று சந்தோஷப்பட்டாய். அழுவதற்கு அவளுக்குத் தெம்பில்லை, தம்பி.

ஏழாம் நாள், சனிக்கிழமை, கிராம நர்ஸ் சத்யபிரியா ஸ்கூட்டியில் தராசோடு வந்தார். முப்பது நாள் கழியாமல் எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று அம்மா உள்ளிருந்தே சொல்லிவிட்டார். அந்தப் பதிலை வாசலுக்குக் கொண்டுபோனவள் நான். அவர் கேட்டுக்கு வெளியே நின்றபடி, "சரி டீச்சர், ஒண்ணுக்கு எத்தன தடவ போவுது? அதையாவது சொல்லுங்க" என்றார்.

"டயப்பர் போட்டிருக்கோம்" என்றேன்.

பி.எஸ்சி., பி.எட். ஒன்பதாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். சிறுநீரகம் படம் வரையத் தெரியும். அந்த அம்மாளிடம் நான் சொன்ன பதில் அது. அவர் தராசை மறுபடி ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் காலையில் காவ்யா டயப்பரைக் கழற்றி எறிந்துவிட்டுத் தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருக்கிறாள். மதியம் வரை துணி நனையவில்லை. அதன்பின் செங்கல்பொடி நிறத்தில் ஒரு பொட்டுக் கறை. யாரிடமும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். "தீட்டுக் கழியாம பஸ்ல போறா பாருங்க" என்று அம்மா தெருவில் நின்று கத்தியது எனக்குப் பள்ளிக்கூடத்துக்கே போனில் வந்தது.

இங்கே எடை போட்டபோது இரண்டு கிலோ நூறு. உடம்பில் நீர் வற்றி உப்பு ஏறிவிட்டது என்றார்கள். அன்றைக்கே இரண்டு முறை வலிப்பு. டாக்டரும் என்னிடம் அதையேதான் கேட்டார், ஒண்ணுக்கு எத்தனை தடவை போனது என்று.

பாப்பா சரியாக வாய் வைத்துக் குடிக்கவில்லை என்பதுதான் கோளாறாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் மூன்றாம் நாளே சரிசெய்திருக்கலாமாம். பீய்ச்சாமல் விட்டதில் குறைந்திருந்த பால், இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் பீய்ச்சப் பீய்ச்சக் கூடிவருகிறது. இன்று காலை எவர்சில்வர் டம்ளரில் பாதி. பால் பத்தாதவள் என்று நாம் சொன்னவள்.

நேற்றிலிருந்து வலிப்பு இல்லை. குழாய் வழியாகப் பால் போகிறது. மூளையைத் தொட்டிருக்கிறதா என்பது பிள்ளை தலை நிற்கும்போதும் உட்காரும்போதும்தான் தெரியுமாம். அதுவரை யாராலும் சொல்ல முடியாதாம்.

லீவு கேட்டு வா. கிடைக்காவிட்டால் தினமும் காவ்யாவுக்குப் போன் செய். எடுக்கவில்லை என்றால் கோபப்படாதே, மறுபடி செய். குழந்தையைக் காட்டு என்று கேட்காதே. இன்றைக்கு எத்தனை துணி நனைந்தது என்று கேள். இன்று இதுவரை நான்கு. வராந்தாக் கம்பியில் அவள் காயப்போட்டிருப்பதை நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். அலச நான் கேட்டேன், தரவில்லை.

வரும்போது பெட்டி எதுவும் கட்டிக்கொண்டு வராதே. ஆறு என்று அவள் வாயால் சொல்லி நீ கேட்கும்படி ஆகட்டும்.

உன் அக்கா,
திலகவதி