நிறுத்தி வைத்த ஆறு சாறிகள்

மருதமுனை
14.06.2010

அன்பு மகள் பஸ்மினாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் வாப்பாவும் சுகம், வாப்பாவின் இருமல்கூட இந்தக் கிழமை லீவு எடுத்திருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சிரிப்பாய், ஆனாலும் கேட்கிறேன். இதை மின்னஞ்சலில் எழுதியிருக்கலாம். கடைக்கு வரும் கடிதங்களோடு இதையும் போட மனம் வரவில்லை, அதனால்தான் தாளை எடுத்தேன்.

நீ லண்டனில் இருந்து திறந்து தந்த இணையக் கடையில் போன வருடம் பதினெட்டுச் சாரன் துணி அனுப்பி நாம் ஏமாந்தது உனக்கு நினைவிருக்கும். கிரெடிட் காட்டுக்குச் சொந்தக்காரர் யாரோ, வாங்கியவன் யாரோ, இரண்டு மாதம் கழித்து வங்கி உன் கணக்கிலிருந்து காசைத் திருப்பி எடுத்துத் தண்டமும் போட்டது. பிறகு எந்த மாதிரி ஓடரைச் சந்தேகிக்க வேண்டும் என்று நீ எழுதியதை நான் ஒரு தாளில் பிரதி பண்ணி, கணினிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். சென்ற மாதக் கடைசியில் கட்டாரில் இருந்து முர்ஷித் என்ற ஒருவரின் ஓடர் வந்தது. ஆறு சாறி, எல்லாம் நம்மிடம் விலை கூடியவை, ஒரு கிழமைக்குள் நிந்தவூரில் கொடுக்க வேண்டும். முதலில் போட்ட காட் எடுபடவில்லை, பத்து நிமிடத்தில் இன்னொரு காட், அதில் இருந்த பெயர் சுபாஸ்கரன். சாறி போக வேண்டிய இடம் சுனாமி வீட்டுத்திட்டத்தில் இலக்கம் இல்லாத ஒரு வீடு, பெறுபவர் ஸைனம்பு. உன் தாளில் உள்ள அத்தனையும் ஒரே ஓடரில் வந்து நின்றன. பொருளை நிறுத்தி வைத்துவிட்டு முர்ஷிதுக்கு எழுதினேன், இரண்டு நாள் பதில் இல்லை, தொலைபேசியும் அடித்து ஓய்ந்தது.

நான் பிழை விட்டது இங்கேதான் மகள். லண்டனில் கடை வைத்திருப்பவள் என்றால் இன்னும் பொறுத்திருப்பாள், அல்லது ஓடரை ரத்துச் செய்திருப்பாள். நான் மருதமுனையில் இருப்பவள், நிந்தவூரில் ஒருவரைத் தெரியாவிட்டால் அவரைத் தெரிந்த ஒருவரைத் தெரியும். நம் பார்சல்களை ஏற்றும் ஆட்டோக்கார ஆதம்பாவா அந்த ஊர்க்காரர்தானே, சத்தம் போடாமல் விசாரித்து வாருங்கள் என்றேன். அவர் போய்ச் சந்திக் கடையில் தேத்தண்ணிக்கு உட்கார்ந்து, "முர்ஷித் எண்டு ஒருத்தன் கள்ளக் காட்டுல சாறி எடுக்கானாம், ஆள் ஆரு தெரியுமா" என்று கேட்டிருக்கிறார். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கேட்ட கேள்வி, பொழுதுபட்டு மஃரிபு வரும் முன்னமே ஸைனம்பு வீட்டுக்குச் செய்தியாகப் போய்விட்டது. ஸைனம்புவின் மகளுக்கும் முர்ஷிதுக்கும் அடுத்த வெள்ளி கலியாணம். அவர் மாப்பிள்ளையாக வந்து குடியிருக்கப் போகும் வீடு அது.

மறுநாள் முர்ஷித் பேசினார். போன் எடுபடாத இடத்தில் வேலையாம். அவர் கோபித்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "ராத்தா, சாறி கிடக்கட்டும், மாமி கலியாணத்த நிப்பாட்டச் சொல்லிட்டா" என்றார். அவரோடு ஒரே அறையில் இருக்கும் சுபாஸ்கரன் போனை வாங்கி, "அக்கா, காட் என்ட. அவன்ட காட்ல இருந்த காசு அவன்ட வாப்பாட ஒப்பரேசனோட முடிஞ்சுது, நான்தான் இதப் போடுடா எண்டு குடுத்தன்" என்றார். காசு போனதற்கு வங்கி அவருக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் உள்ள அனுமதி இலக்கத்தை வாசிக்கச் சொன்னேன். ஓடர் பதிவில் என்னிடம் இருந்ததோடு சரியாக ஒத்தது. ஐந்து நிமிட வேலை, அதை அவர்களிடமே கேட்டு முடிக்க நான் பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்த நாள் காலை சாறிகளைக் கட்டிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். யுத்தம் முடிந்து, இப்போது காரைதீவுச் சோதனைச்சாவடியில் இறக்கி எவரும் அடையாள அட்டை கேட்பதில்லை. எத்தனை வருடம் வரிசையில் நின்று, நான் இன்னார்தான் என்று நிரூபித்தவள், இன்று இன்னொருவரை அந்த வரிசையில் நிறுத்தியிருக்கிறேன் என்று வழியெல்லாம் நினைத்தேன். ஸைனம்பு வாசலிலேயே வைத்து, "நாங்ககூட மருமகன இவ்வளவு விசாரிக்கல்ல, நீங்க நல்லா விசாரிச்சிருக்கீங்க" என்றார். பிழை என்னுடையது, காசு ஒழுங்காக வந்துவிட்டது, களவு ஒன்றும் இல்லை என்றேன். அவர் விடவில்லை, "அப்ப ஏன் சந்தேகம் வந்த? ஆர்ர காட்?" என்று கேட்டார். நண்பனின் காட் என்று சொன்னால் களவுப் பழி அந்த நிமிடமே போய்விடும், ஆனால் மாப்பிள்ளை கையில் ஒன்றும் இல்லை என்ற கதை அதே வாசலில் தொடங்கும். போன வருடம் எங்கட கடையில் களவு போனது, அதிலிருந்து எல்லாரையும் சந்தேகிக்கிறேன், காட் விபரம் யாருக்கும் சொல்வதில்லை, நாளைக்கு உங்கட விபரம் என்றாலும் இப்படித்தான் என்றேன். ஸைனம்பு, "ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டு இப்பதான் வாய் மூடுறீங்க" என்றார். எனக்கு அது தேவைதான். ஆனாலும் பொதியைக் கைநீட்டி வாங்கி, உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார். ஆதம்பாவாவைத் திரும்பவும் சந்திக் கடைக்கு அனுப்பி, முதல் தரம் கேட்ட அதே சத்தத்தில் பிழை நம்முடையது என்று சொல்ல வைத்தேன். "கள்ளன் எண்டா காது குடுப்பானுகள் ராத்தா, நல்லவன் எண்டா எழும்பிப் போறானுகள்" என்று முறைப்பட்டார், ஆனாலும் சொன்னார்.

கலியாணம் சென்ற வெள்ளி நடந்தது, நாங்களும் போனோம். நம் சாறியில் பிள்ளை அழகாக இருந்தாள். முர்ஷித் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, "என்ட கூட்டாளிர விசயம்..." என்று தொடங்கினார். எந்தக் கூட்டாளி என்று கேட்டேன். அவர் ஒரு கணம் விழித்துவிட்டுச் சிரித்தார்.

இனி நிறுத்தி வைக்கும் ஓடரைப் பற்றி ஓடர் போட்டவரிடமும் காட் சொந்தக்காரரிடமும் தவிர ஒரு குருவியிடமும் கேட்கப் போவதில்லை. நீயும் மறக்காமல் ஒன்று செய், சுபாஸ்கரனின் காட் விபரம் பதிவில் எங்காவது கிடந்தால் அழித்துவிடு. தொழுகையை விடாதே, அல்லாஹ் உன் கல்வியிலும் உடம்பிலும் பரக்கத் செய்வானாக.

துஆவுடன்,
உன் உம்மா