காலியாக இருந்த கட்டம்

ஜனவரி 6, 2025. திங்கள். சிதம்பரம்.
மாலையில் ஆண்ட்ரூ வந்தான். என் வீட்டு மாடி அறையில் குடியிருக்கும் வெண்மதிக்குக் கல்லூரியில் ஓட்டப் பயிற்சியாளர். ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தாயாக ஏந்திய பிள்ளை அவன். வெண்மதியின் பெற்றோர் ஸ்ரீமுஷ்ணத்தில் இருப்பதால் கார்டியன் நான்தான். கூடுதல் பயிற்சிக்குச் சம்மதப் படிவம் நீட்டினான். நேரம் எழுதும் கட்டம் காலி.
“இப்ப ரெண்டு மணி நேரம். கூட ஒரு அரை மணி, அவ்ளோதாம்மா. நான் எழுதிக்கறேன்.”
படிக்காமல் கையெழுத்திடாதே என்றுதான் கான்வென்டில் சிஸ்டர் வளர்த்தார். என் கணவர் நீட்டிய தாளைக்கூட இரண்டு முறை படித்தவள் நான். இன்று போட்டேன். ஆண்ட்ரூதானே.

ஜனவரி 28.
படியேறும்போது வெண்மதி ஒரு காலை இழுக்கிறாள். கேட்டால், “ஒண்ணுமில்ல ஆண்ட்டி, போட்டி வருதில்ல.”

பிப்ரவரி 11.
கடலூரில் ஸ்கேன். முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். டாக்டர் எத்தனை மணி நேரம் ஓடினாய் என்றார். “அஞ்சு, சார். போன மாசம் ஆரம்பம் வரைக்கும் ரெண்டு.”
“திடீர்னு இவ்ளோ ஜாஸ்தி பண்ணா எலும்பு எப்ப ஆறும்? இது விழுந்து ஒடஞ்சதில்ல. ஓடி ஓடியே ஒடஞ்சது.”
ஐந்தா?

பிப்ரவரி 13.
கல்லூரி முதல்வர் படிவத்தை என் பக்கம் திருப்பினார். கட்டத்தில் ஐந்து மணி நேரம். கீழே என் கையெழுத்து, அழகாக.
“கார்டியனே ஒத்துக்கிட்டாங்க சார். வலிய மறச்சது அந்தப் பொண்ணு தப்பு.” என் முகத்தைப் பார்த்தே சொன்னான் ஆண்ட்ரூ.
அவள் தப்பென்றால் ஓட்டத்துக்காகக் கிடைத்த கட்டணச் சலுகை போய்விடும். சலுகை போனால் படிப்பும் போய்விடும்.
“உங்க கையெழுத்துதானே மேடம்?”
“ஆமாம்.”
அதோடு எழுந்து வந்துவிட்டேன். ஏன்? காலிக் கட்டத்தின் கீழ் கையெழுத்திட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வராது என்று அவனுக்குத் தெரியும். அதை நம்பித்தான் — என் கௌரவத்தை நம்பித்தான் செய்திருக்கிறான்.

பிப்ரவரி 14.
ஆண்ட்ரூ போனில். “எல்லா கோச்சும் இப்டித்தாம்மா ஓட்றாங்க. மெடல் வந்திருந்தா நீங்களும் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்திருப்பீங்க.”
வைத்துவிட்டேன்.
எடுத்திருப்பேன்.

பிப்ரவரி 16. ஞாயிறு.
மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. மாடியில் வெண்மதி பெட்டி கட்டும் சத்தம்.

பிப்ரவரி 17.
நான்கு வரிக் கடிதம். “நேரம் எழுதாத படிவத்தில் கையெழுத்திட்டேன். என்னிடம் சொன்னது இரண்டரை மணி. ஐந்து என் எழுத்தல்ல. தவறு மாணவியுடையதல்ல.”
நேரில் கொடுத்தேன். முதல்வர் படித்துவிட்டு, “நீங்களா மேடம், எழுதாத ஃபாரத்துல?” என்றார். கிளார்க் பெண் தலைநிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும்.

மார்ச் 24.
சலுகை தொடர்கிறது. பயிற்சிக்கு வேறு ஆள். ஆண்ட்ரூ கோயிலில் என் வரிசையைத் தாண்டித் தள்ளிப்போய் உட்காருகிறான்.
வெண்மதி தன் புதிய பயிற்சித் தாளைக் கொண்டுவந்தாள். காலையில் இருபது நிமிட நடை மட்டும்.
“எல்லாக் கட்டமும் நிரப்பியாச்சு ஆண்ட்டி. படிச்சுப் பாத்துட்டே போடுங்க.”
கேலியில்லாமல்தான் சொன்னாள். கண்ணாடியை எடுத்து, அவள் நிற்க நிற்க, இரண்டு முறை படித்தேன்.