அம்மா மூடிய கடைசிக் குடுவை

மார்ச் 14, காலை 10.20. எண்ணிக்கை நாற்பத்தொன்று. அது என்ன எண் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அன்புள்ள வாலுக்குட்டிக்கு அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதினால் பொய், சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான். அங்கே நீயும் பெரியம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் போதும். இருமல் நின்றதா? மருந்தைத் தொட்டியில் கொட்டுகிறாயாம். பெரியம்மாவை ஏமாற்றாதே, தங்கையைப் பறிகொடுத்தவர்கள், உன் இருமலுக்கே நடுங்குகிறார்கள். இங்கே மாடிக் குழாய் உடைந்து சமையலறைச் சுவர் ஊறிவிட்டது, உன் உயரத்துக்கு அம்மா போட்ட பென்சில் கோடுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

நீ ஏன் என்னோடு பேசுவதில்லை என்று தெரியும். அம்மா கடைசியாக நிரப்பிய குடுவை ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது என்றேன். அதுக்குள்ள அம்மா மூச்சு இருக்குமாப்பா என்று கேட்டாய். நானும் யோசிக்காமல், இருக்கவே இருக்காது, இருந்தா அது குப்பைக்குத்தான் போகணும் என்றேன். போனை வைத்துவிட்டாய். அதைத் திறக்கக் கூடாது என்று பெரியம்மாவிடம் சொல்லியனுப்பினாய். நேற்று திறந்துவிட்டேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

ஏன் திறந்தேன் என்றால், குடுவையில் இருந்தது ஹீலியம் வாயு, அதில் கனமானது, லேசானது என்று இரண்டு உண்டு. நியூட்ரான் என்ற துகள் தனியாக விட்டால் சராசரியாகக் கால் மணி நேரம்தான் தாங்கும். அதைத் துல்லியமாக அளக்கிறவர்கள் ஹீலியம் நிரப்பிய தொட்டிக்குள் அதை வைக்கிறார்கள். லேசான ஹீலியம் லட்சம் கோடியில் ஒன்று இருந்தாலும் நியூட்ரானை விழுங்கிவிடும், அப்புறம் அது தானாகச் செத்ததா விழுங்கப்பட்டதா என்று தெரியாது, கணக்கே பாழ். சுத்திகரிக்கும் இயந்திரம் படுத்துவிட்டதால் அம்மா சுத்தம் செய்து வைத்ததுதான் மிச்சம். அது தேறுமா என்று லேசான அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். தேறும் என்றுதான் நம்பினேன். அவள் வேலை ஆயிற்றே.

வெற்றுக் குடுவையில் இரண்டு வந்தது. அம்மாவின் குடுவையில் நாற்பத்தொன்று. தேறவில்லை. வெளிக்காற்றில் லேசான ஹீலியம் துளி கலந்திருக்கும், ஆக உள்ளே காற்று. மூடிக்கும் குடுவைக்கும் நடுவே ஒரு செம்பு வளையம் வைத்து முடுக்குவோம், எஃகு விளிம்பு அதைக் கடித்துக்கொண்டு நிற்கும். கடிபட்ட வளையத்தை மறுபடி போடக் கூடாது. ஒருமுறை அப்படிப் போட்ட எங்கள் ஆய்வுக்கூட வெல்டர் மாமாவை, எச்சித் தட்டுலதான் சாப்பிடுவீங்களா என்று ஒரு வாரம் ஓட்டியவள் உன் அம்மா. அவள் போட்ட வளையத்தில் இரண்டு கடித்தடம். புது வளையங்கள் மேல்மாடி ஸ்டோரில் இருக்கும், அந்த வாரம் லிஃப்ட் ஓடவில்லை. அப்போதே உடம்பு முடியாதவள், படியேற அவளுக்கு மூச்சு வாங்கியிருக்கும். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

கருவிக் கோளாறுன்னு எழுதிடு தம்பி, போனவ மேல எதுக்குப் பழி என்றார் வெல்டர் மாமா. கத்திவிட்டேன். அவள் இருந்தால் காற்று என்றுதான் எழுதியிருப்பாள், நானும் அதையே எழுதினேன்.

அந்தக் காற்று மூடும்போதே புகுந்ததா, பிறகு கசிந்ததா என்று என் கருவிக்குத் தெரியாது. மூடும்போது என்றால், அந்த அறையில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அம்மா மட்டும்தான். இதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னாலும் பொய். ஆனால் நீ கேட்டதற்கு இல்லை என்று நான் அடித்துச் சொன்னது தப்பு. தெரியாது என்பதுதான் சரியான பதில். அளந்த வாயு பம்பு வழியாக வெளியே போய்விட்டது கண்ணு, அதைத் திரும்பப் பிடிக்க முடியாது.

நீ நோய்நொடி இல்லாமல் நெடுநாள் இருக்க வேண்டும், எனக்கு வேறு எதுவும் வேண்டாம். மருந்தைக் குடி. நான் இனிச் செய்யப்போவது:

1. வெல்டர் மாமாவிடம் மன்னிப்புக் கேட்பேன்.
2. சுவர் பூச வருகிறவரிடம் உன் பென்சில் கோடுகளுக்குக் கீழேயே பூச்சை நிறுத்தச் சொல்வேன்.
3. ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் போன் செய்வேன். நீ எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் செய்வேன்.
4. லீவு விட்டதும் வருவேன். குடுவை மறுபடி வேலைக்குப் போய்விடும், வளையம் இனி எதற்கும் ஆகாது என்பதால் கேட்டு வாங்கிவிட்டேன். அதை உன் கையில் தருவேன். ஆழமாக இருக்கும் தடம் அம்மா முடுக்கியது.

உன் அப்பா