ரெண்டு சீட்டு வண்டியின் கதவு

என்னங்க, கேட்குதா? உங்கள் வண்டி ஓடுகிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் போன பிறகு அந்த இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார் அஸ்தினாபுரம் வீட்டு ஷெட்டில் அப்படியே நின்றது. பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் உங்கள் அண்ணாவுக்கு அதைப் பார்த்தாலே ஆகவில்லை. "தனியா ஆயிட்ட பொம்பளைக்குக் கூரையில்லாத கார் எதுக்கும்மா? ஊர் சிரிக்கும். ஓடாத வண்டிதானே, ஞாயித்துக்கிழமை எடைக்குப் போட்டுடலாம்" என்றார். வருஷக்கணக்கில் நீங்கள் இழைத்து இழைத்துச் செய்த வண்டியை எடைக்குப் போடுவதா? எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட நின்றுவிட்டது.

எஞ்சினை நீங்களே முடித்திருந்தீர்கள். மிச்சம் இருந்தது சில்லறை வேலைதான். ஆக்சிலேட்டருக்கு சைக்கிள் பிரேக் ஒயர் போட்டேன். பானெட்டுக்கு ஜன்னல் கொக்கி. நீங்களும் அதைத்தானே செய்திருப்பீர்கள்? டிரைவர் பக்கக் கதவுதான் படுத்தி எடுத்தது. பூட்டுக்குள் கம்பியைப் பிடித்து நிறுத்தும் குட்டி கிளிப் எங்கேயோ விழுந்துவிட்டது. எத்தனை தடவை சாத்தினாலும் கதவு திறந்துகொண்டது.

தாம்பரம் மார்க்கெட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். "இன்னாம்மா, இந்த வண்டி சாமானுக்கு நான் எங்க போவேன்? லண்டன்லதான் கீது" என்று சிரித்தார் ஒருவர்.

சனிக்கிழமை வெறுங்கையோடு வந்து பீரோவைத் திறந்தேன். உங்கள் காரியத்தன்று என் காலிலிருந்து கழற்றிய மெட்டி அங்கே இருந்தது. அதுவும் வாய் திறந்த வளையம்தானே? குறட்டால் கொஞ்சம் நெருக்கிக் கம்பியின் நுனியில் மாட்டினேன். கதவு சாத்தியபடி நின்றது.

காபி கொண்டுவந்த உங்கள் அண்ணி பார்த்துவிட்டார். "ஐயோ, அது உன் மெட்டிடி!"

"ஆமாக்கா. கழட்டச் சொன்னீங்க, கழட்டினேன். எங்க மாட்டணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன்" என்றேன்.

ஞாயிறு காலை, தெருவே தூர்தர்ஷன் முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில் பழைய இரும்புக்காரர் வந்தார். நான் வண்டியை ஸ்டார்ட் செய்திருந்தேன். நீங்கள் பிடிவாதமாக எடுக்கவைத்த லைசென்ஸ் என் கைப்பையில். உங்கள் அண்ணா கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். ஹாரன் அடித்தேன், நகரவில்லை. மறுபடி அடித்தேன். கடைசியில் இரும்புக்காரர்தான், "ஓட்ற வண்டிய எப்டி சார் எடைக்கு எடுக்கறது? வழி வுடு சார்" என்றார்.

ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிய பிறகுதான் பக்கத்து சீட்டைப் பார்த்தேன். அப்போது அழுதேன். அழுதுகொண்டே ஓட்ட முடிகிறது, தெரியுமா?

வெள்ளிக்கிழமை சிங்கப்பெருமாள் கோவில் வரை போகப்போகிறேன். தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டுதான் போவேன். காற்றில் பறந்துவிடாமல் ரெண்டு ஹேர்பின் அதிகமாகக் குத்திக்கொள்கிறேன். பார்ப்பவர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்றும் உங்கள் மனைவி,
சரோஜா